சரி கேட்ட பெட்டிகள்

தென்காசி ரோட்டில் இரண்டு பாலம் தாண்டினால் வருகிற முப்பிடாரிபுரத்தில், ஆனி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சீனியம்மா சொம்பும் கையுமாகக் கொல்லைப்பக்கம் கக்கூஸுக்குப் போனபோது கதவுக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டி நின்றுகொண்டிருந்தது. பெட்டி என்றால் மரப்பெட்டியோ தகரப்பெட்டியோ இல்லை, கம்ப்யூட்டரில் எதையாவது படிக்கலாம் என்று உட்காரும்போது எங்கிருந்தோ பாய்ந்து வந்து முகத்தை மறைக்குமே, அந்தக் கருமம்தான், முனையெல்லாம் வழுவழுவென்று வளைந்து, நடுவில் "உங்கள் அனுபவத்தை மேம்படுத்த உங்கள் சம்மதம் தேவை" என்று எழுதி, அதற்குக் கீழே தாம்பாளம் அகலத்துக்குப் பச்சையாகச் "சரி" என்றும், அதற்கும் கீழே செத்த எறும்பு நிறத்தில் "அப்புறம்" என்றும் இரண்டு பொத்தான் வைத்துக்கொண்டு நின்றது. அவசரத்தில் வந்த மனுஷி என்ன செய்வாள்? சரியை அமுக்கினாள், பெட்டி வழிவிட்டது, போனாள். வெளியே வந்தால் இன்னொரு பெட்டி. "உங்கள் அனுபவம் எப்படி இருந்தது? ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை தருவீர்கள்?" தூ! கழுவின கை காயவில்லை, அதற்குள் நட்சத்திரம் கேட்கிறது. சீனியம்மா நான்கு கொடுத்தாள், ஏனென்றால் அன்றைக்குக் குழாயில் தண்ணீர் கொஞ்சம் மெதுவாகத்தான் வந்தது.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பெட்டிகள். டீக்கடை வாசலில் ஒன்று, ரேஷன் கடை வரிசையில் ஆளுக்கொன்று, முப்பிடாரி அம்மன் கருவறைக்கும் கும்பிட்ட கைக்கும் நடுவில் ஒன்று. கத்தரிக்காயைப் பொறுக்கப் போனால் "இந்தக் கத்தரிக்காயை இப்போது பதினாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், சீக்கிரம்" என்று அவசரப்படுத்துகிற ஒன்று. பேய் பிசாசு என்று யாரும் அலறவில்லை, பூசாரியைக் கூப்பிடவில்லை. பத்து வருஷமாகக் கையகலப் போனுக்குள் குடியிருந்த சனியன் வாசலுக்கு வந்திருக்கிறது, இதிலென்ன அதிசயம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, சரியை அமுக்கிவிட்டு அவரவர் ஜோலியைப் பார்த்தார்கள்.

பேச்சிக்கனியால் மட்டும் அப்படி ஜோலியைப் பார்க்க முடியவில்லை. அந்த ஊரில் நெட் சென்டர் வைத்திருப்பவள் அவள்தான். வயசு நாற்பத்தொன்று. புளியங்குடியில் கட்டிக்கொடுத்த இடத்தில் பதினோரு மாசம் இருந்துவிட்டு ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தவளுக்கு, அப்பா வீட்டின் முன்னறையைத் திறந்துவிட்டு ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கிப் போட்டார். அப்பா போய்ச் சேர்ந்தார், போன தையில் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். முன்னறை அவளுக்குச் சோறு போட்டது, பின்னறையில் அவள் படுத்துக்கொண்டாள், உலகத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த இரண்டு அறைதான்.

அந்த முன்னறையில் உட்கார்ந்து பதினாலு வருஷமாக ஊருக்கே சம்மதம் அமுக்கியவள் அவள். ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், பிள்ளைகளின் பரீட்சை விண்ணப்பம், கரண்டு பில், கல்யாணப் பதிவு, எதை எடுத்தாலும் கடைசியில் ஒரு சின்னக் கட்டம் வரும், "மேற்கண்ட நிபந்தனைகளை முழுவதும் படித்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன்" என்று. கைப்பிடி உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பவரைப் பார்த்து "சரி போடவா?" என்பாள், "போடு தாயி" என்பார்கள், போடுவாள். ஒரு தடவைகூட, சத்தியமாக ஒரு தடவைகூட, அந்த நிபந்தனையில் ஒரு வரியை அவள் படித்தது கிடையாது. இப்போது தெருவில் நிற்கிற பெட்டிகள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது, அந்தப் பெயர்களையெல்லாம் தட்டிக் கொடுத்தது தன் விரல்தானே என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஊர் அவளைக் குறை சொல்லியிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும். ஊர் என்ன செய்தது தெரியுமா? "நம்ம பேச்சிக்கு இதெல்லாம் பழக்கம்லா" என்று அவளைத்தான் கூப்பிட்டது.

"ஏட்டி பேச்சி, இதுல என்ன எழுதியிருக்கு?" என்றாள் சீனியம்மா, தன் அடுப்படியை மறித்து நின்ற பெட்டியைக் காட்டி.

"நீளமா எழுதியிருக்கு சித்தி."

"படிச்சியா?"

"யாரு படிக்கா?"

"அப்பம் சரியப் போட்டு விடு. குழம்பு தீயுது."

இப்படி வீடு வீடாகப் போனாள். பெட்டியை மூட ஒரு பெருக்கல் குறி உண்டென்றும், அது ஓரத்தில் எங்கேயோ ஒளிந்திருக்கும் என்றும், விரல் கிட்டே போனால் நகர்ந்துகொள்ளும் என்றும் அவளுக்குத் தெரியும்; தலையில் நரைமுடி தேடுகிற மாதிரி தேடிப் பிடித்து அமுக்குவாள். பெட்டி போகும். பத்து நிமிஷத்தில் அதே இடத்தில் இன்னும் சிரித்த முகமாக வந்து நிற்கும்.

ஆடி பிறப்பதற்குள் ஊர் பழகிவிட்டது, அதுதான் வயிற்றெரிச்சல். பேரூராட்சியில் கூட்டம் போட்டு, பெட்டிகள் நிற்க வசதியாகத் தெருவை இரண்டடி அகலப்படுத்தத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். பெட்டி மேல் துண்டு காயப்போட்டார்கள். சரஸ்வதி பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டார்கள், மாலை போட்டவனிடம் மாலை எப்படி இருந்தது என்று அது நட்சத்திரம் கேட்டது. குழாயடிச் சண்டையில் ஒருத்தி "உன் குடி விளங்குமாட்டி" என்று ஆரம்பித்து மூச்சு வாங்கினால், நடுவில் பெட்டி வந்து "தொடர்ந்து திட்டுவதற்கு ஐந்து விநாடி காத்திருக்கவும்" என்று ஐந்து, நான்கு, மூன்று என எண்ணும், இரண்டு பேரும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சோப்பு விளம்பரம் பார்ப்பார்கள், முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். இழவு வீட்டிலும் அப்படித்தான். மாரடித்து அழுகிற பெண்கள் பெட்டி வந்ததும் கையை நெஞ்சுக்கு நேராகத் தூக்கியபடி நிறுத்தி, ஐந்து விநாடி கழித்து ஒன்றாக இறக்குவார்கள். சீ, இதற்குப் பெயர் துக்கமா?

எதற்குச் சரி சொன்னோம் என்பது மெல்ல மெல்லத்தான் தெரிய வந்தது. டீக்கடைத் தங்கப்பாண்டிக்கு ஊரே திரும்பிப் பார்க்கிற ஒரு சிரிப்பு உண்டு. ஆவணியில் ஒருநாள் சிரிக்க வாயைத் திறந்தான், காற்று மட்டும் வந்தது. பத்து நாள் கழித்து அந்தச் சிரிப்பு ஒரு பல்பொடி விளம்பரத்தில், வேறு எவனோ ஒருத்தனின் வாயிலிருந்து வந்தது. தங்கப்பாண்டி போய்ப் பெட்டியிடம் கேட்டான். ஆனி மாசம் பதினெட்டாம் தேதி காலை ஏழு இருபதுக்கு நீங்கள் சம்மதித்தீர்கள் என்று அது தேதியோடு காட்டியது. "சம்மதிச்சிருப்பேன் போல" என்று சொல்லிவிட்டு அவன் பாலைக் கொதிக்கவைத்தான். கோபம்கூட வரவில்லை அந்த மனுஷனுக்கு. அன்றைக்குப் பேச்சிக்கனி அவன் கடையில் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய களவு ஒன்று சத்தமில்லாமல் நடந்தது. பெட்டிகளில் கண்ணில் பட்டது சரியும் அப்புறமும் மட்டும்தான். நாளெல்லாம் அந்த இரண்டையே அமுக்கி அமுக்கி, புரட்டாசிக்குள் ஊரார் வாயிலிருந்து "வேண்டாம்" என்ற சொல்லே கழன்று விழுந்துவிட்டது. கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு வருகிறவனை மறித்து இலைக்கு மேல் கையை நீட்ட யாருக்கும் வரவில்லை. "அப்புறம்" என்றார்கள், அவனும் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து ஊற்றினான், சாம்பார் இலையைத் தாண்டி வேட்டிக்கு வந்தது, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சாப்பிட்டார்கள். புதுசாகப் பேச ஆரம்பித்த பிள்ளைகள் அம்மா என்பதற்கு முன்னால் சரி என்றன. அதைக் கேட்டு அவற்றின் தாய்மார்கள் கைதட்டினார்கள்.

அந்தப் புரட்டாசியில்தான் நல்லசிவன் போன் பண்ணினான். பேச்சிக்கனிக்குக் கூடப்பிறந்த ஒரே அண்ணன், திருநெல்வேலியில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறான்.

"ஏட்டி, தையில அம்மாவுக்குத் தலைத்திவசம் வருதுல்லா? மறுநாளே சீலை விருந்தையும் வச்சிருவோம். உங்க மதனி பட்டுகூட எடுத்துட்டா, மாம்பழக் கலரு."

சீலை விருந்து என்பது முப்பிடாரிபுரத்தில் காலங்காலமாக நடக்கிற காரியம். தாய் தகப்பன் காலத்துக்குப் பிறகு, கூடப்பிறந்த பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பட்டுச்சேலை, தேங்காய் பழம், மஞ்சள் குங்குமம் எல்லாம் வைத்த தாம்பாளத்தை அண்ணன் நீட்டுவான். தாம்பாளத்துக்கு அடியில் விடுதலைப் பத்திரம் இருக்கும், வீட்டிலும் நிலத்திலும் எனக்குப் பங்கு வேண்டாம் என்று அவள் எழுதிக் கொடுக்கிற பத்திரம். சேலையை மடியில் வாங்கிக்கொண்டு "அண்ணன் சொன்னாச் சரி" என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவாள், அப்புறம் பந்தி. அந்தப் பத்திரத்தை எந்தப் பெண்ணும் படித்துப் பார்க்கமாட்டாள். படித்தால் அண்ணனைச் சந்தேகப்பட்டதாக அர்த்தம். பேச்சிக்கனியின் அம்மா படிக்கவில்லை, சீனியம்மா படிக்கவில்லை, அந்த ஊரில் பிறந்த ஒருத்தியும் படித்ததில்லை.

கையெழுத்துப் போட்டால் இரண்டு அறையும் போய்விடும். போடமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள், "அப்புறம் பேசுவோம்ணே" என்றுதான் வந்தது. "சரிட்டி" என்று அவன் போனை வைத்தான்.

அவன் கெட்டவனாக இருந்தால் வேலை சுலபம். நல்லசிவன் கெட்டவன் இல்லை. புளியங்குடிக்கு வேன் பிடித்துக்கொண்டு வந்து, வாசலில் நின்ற மாப்பிள்ளையைக் கையால் ஒதுக்கிவிட்டு, அவளையும் டிரங்குப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு வந்தவன் அவன்தான், என்ன நடந்தது என்று இன்றைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவனிடம் எப்படிச் சொல்வது? ஐப்பசி மழையில், கார்த்திகை விளக்கு வெளிச்சத்தில், மார்கழிக் கோலத்துக்குக் குனியும்போது, அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். 'வே' என்று ஆரம்பிக்கும், நாக்கு வழுக்கும், 'சரி' என்று முடியும். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்க்கலாமென்றால் கண்ணாடியை மறைத்து ஒரு பெட்டி.

தை வந்தது, திவசம் முடிந்தது, மறுநாள் காலை வீட்டுக் கூடத்தில் சொந்தக்காரர்கள் இருபது பேர் உட்கார்ந்திருக்க, பத்திர எழுத்தர் ஆவுடையப்பன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்க, நல்லசிவன் தாம்பாளத்தோடு தங்கச்சி முன்னால் வந்து நின்றான். மாம்பழக் கலர் பட்டு உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

"வாங்கிக்கட்டி. வாங்கிட்டு அந்தத் தாள்ல ஒரு கையெழுத்து. நாளைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல போய்ப் பதிஞ்சிருவோம்" என்றான்.

பேச்சிக்கனி சேலையைத் தொடவில்லை. தாம்பாளத்துக்கு அடியில் கையை விட்டுப் பத்திரத்தை உருவினாள்.

"படிச்சுப் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தவள்கூடக் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"படிக்கதுக்கு என்ன கிடக்கு? கூடப்பொறந்தவன் எழுதுனதுதான?" என்றாள் நல்லசிவன் பெண்டாட்டி பூரணம்.

"இல்ல மதனி. பதினாலு வருசமா ஒண்ணையும் படிக்கல. இத ஒண்ண மட்டும் படிச்சிருதேன்."

உட்கார்ந்து படித்தாள். முதல் பக்கம் அப்பா பெயர், தாத்தா பெயர், நான்கு எல்லை. இரண்டாவது பக்கம் அன்பும் பாசமும், யாருடைய தூண்டுதலும் இன்றிச் சுயபுத்தியோடும் முழு மனதோடும். மூன்றாவது பக்கம் இனிமேல் எனக்கோ என் வாரிசுகளுக்கோ. நான்காவது பக்கத்தின் அடியில், பதிவு செய்த முப்பது நாளைக்குள் மேற்படி வீட்டைக் காலி செய்து சுவாதீனம் ஒப்படைக்கச் சம்மதிக்கிறேன் என்று இருந்தது.

"முப்பது நாளுன்னு போட்டிருக்கே அண்ணே. நான் எங்க போவேன்?"

நல்லசிவன் தரையைப் பார்த்தான். "அது சும்மா எழுதுறதுட்டி. இடத்த விலைக்குக் கேக்கிற பார்ட்டி அப்படித்தான் எழுதணுங்கான். உன்ன நான் விட்டுருவேனா? திருநெல்வேலிக்கு வா, மாடியில ஒரு ரூம்பு கிடக்கு."

பூரணம் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். மாடி ரூம் விஷயம் அவளுக்கே அப்போதுதான் தெரியும்.

பேச்சிக்கனி எழுந்து வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் நடுவில், தாம்பாளத்தை மறைத்துக்கொண்டு, பெட்டி வந்து நின்றது. பச்சைப் பொத்தான் எப்போதும் இருப்பதைவிட இரண்டு பங்கு பெரிசு. "அண்ணன் சொன்னால் சரி" என்று எழுதியிருந்தது. "அமுக்கும்மா, நேரமாவுது" என்றார் ஆவுடையப்பன். அமுக்கு, அமுக்கு என்று கூடமே சொன்னது. பழகின விரல் தானாக எழுந்து பச்சைக்கு நேராகப் போனது. அதை இடது கையால் பிடித்துக் கீழே இறக்கினாள்.

பத்திரத்தைப் படித்த கண்ணோடு பெட்டியையும் முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் படித்தாள். சரி, அதற்குக் கீழே அப்புறம், அதற்கும் கீழே, இத்தனை மாசமாக ஊரில் யாரும் குனிந்து பார்க்காத ஓரத்தில், முடி கனத்துக்கு ஒரு வரி இருந்தது. "வேண்டாம். நான் பாசமில்லாத தங்கச்சியாகவே இருந்துகொள்கிறேன்." வேண்டாம் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது; தொட்டால் மானம் போகிற மாதிரி வைத்திருந்தார்கள். இப்படிப் பேசப் பெட்டிக்கு யார் கற்றுக்கொடுத்திருப்பார்கள்? நம் வீட்டு விசேஷங்களில் ஒரு மூலையில் அரைமணி நேரம் நின்றால் போதாதா!

பேச்சிக்கனி அந்த வரியை அமுக்கினாள்.

கூடம் ஐயோ என்றது. அடுத்த பெட்டி வந்தது. "நிச்சயமாகவா? உங்கள் அண்ணன் மனசு உடைந்துபோகும்." அடியோரத்தில், "உடையட்டும்." அமுக்கினாள். "புருஷன் வீட்டிலும் நிலைக்காதவள், பிறந்த வீட்டையும் பகைத்தாள் என்று ஊர் பேசும்." "பேசட்டும்." அமுக்கினாள், கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு எழுத்து கலங்கியது. "இன்றைக்கு மட்டும்: ஒரு பட்டுக்கு இரண்டு பட்டு." தூ என்று வாய்விட்டே துப்பிவிட்டு அமுக்கினாள். கடைசியாக ஒன்று வந்தது. "விலகுவதற்கான காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும். பேராசை. பொறாமை. யாரோ தூண்டிவிட்டது. மற்றவை." மற்றவையை அமுக்கினாள், விளக்கவும் என்று ஒரு வெற்றுக் கட்டத்தை நீட்டியது, அதில் ஒரு எழுத்தும் எழுதாமல் பார்த்துக்கொண்டே நின்றாள். அதுவும் பார்த்துக்கொண்டே நின்றது. பிறகு பெட்டி போய்விட்டது.

அதற்குப் பின்னால் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். ஏழு மாசமாக யார் முகத்தையும் யாரும் பெட்டி குறுக்கே வராமல் நின்று நிதானமாகப் பார்த்திருக்கவில்லை. மீசை நரைத்திருந்தது. இரண்டு கையிலும் தாம்பாளம் இருந்ததால் கண்ணைத் துடைக்க முடியாமல் நின்றான். அவள் அமுக்க அங்கே ஒரு பொத்தானும் இல்லை, அடியோரத்தில் யாரும் எழுதி வைத்த வரியும் இல்லை. பெட்டியிடம் சொன்னதெல்லாம் ஒரு சொல்லா என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"வேண்டாம்ணே" என்றாள். சத்தம் கரகரவென்று வந்தது. "கையெழுத்துப் போடமாட்டேன். இது என் வீடும்தான்."

நல்லசிவன் தாம்பாளத்தைத் தரையில் இறக்கிவிட்டுக் கண்ணைத் துடைத்தான். அவள் கையிலிருந்த பத்திரத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். தாம்பாளத்தை எடுத்துப் பூரணத்தின் கையில் கொடுத்தான். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து, போடாத இலைகளைப் பார்த்தபடியே வெளியே போனார்கள். அவன் செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டு நடையில் இறங்கப்போனான்.

பேச்சிக்கனி ஓடிவந்தாள். "அண்ணே, இலை போட்டிருதேன். ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போண்ணே. உனக்குன்னு அவியல் வச்சிருக்கேன்."

அவன் திரும்பி அவள் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தான்.

"வேண்டாம்" என்றான்.

கையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கலாம், அழுதால் உட்கார்ந்துவிடுவான், அம்மா பெயரைச் சொன்னால் நிச்சயம் உட்கார்ந்துவிடுவான், எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் வேண்டாம் என்று ஒருவன் வாயைத் திறந்து சொன்ன பிறகு நிச்சயமாகவா என்று கேட்பது பெட்டியின் புத்தி. அவன் போவதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.